ஆறு மணிக்குப் படலை பூட்டப்படும்

குவைத்தில் ஒரு குசினிக்குள்
நவம்பர் இரண்டாம் திகதி
மாரிவிக் மெழுகுதிரி கொளுத்தினாள்.
வெறும் மீன் ரின்னைக் கழுவிக் கவிழ்த்து
அதன் முதுகில் ஒட்டினாள்.
மேடம் நித்திரை.
"எங்கட ஊரில் இண்டைக்கு
ஒருத்தரும் வீட்டில் இல்லை" என்றாள்,
பிலிப்பைன்ஸ்காரிக்கும் வன்னிக்காரிக்கும்
பொதுவாய் இருந்த உடைந்த அரபியில்.

சோற்றுப் பானையோடு போவார்களாம்.
பாய், தலையணை, கைக்குழந்தை,
கல்லறை மேல் சீட்டுக்கட்டு.
விடியும்வரை பகிடி, தூக்கம், சின்னச் சண்டை.
வழிகிற மெழுகைப் பிள்ளைகள் உருண்டை பிடித்து
யாருடையது பெரிது என்று பார்ப்பார்களாம்.
செத்தவருக்கும் ஒரு கோப்பை சோறு.
அது ஆறும்வரை மற்றவர்கள் கை வைப்பதில்லை.

அவள் தகப்பன் கிடப்பது சுவரில் ஒரு பொந்து.
ஐந்து வருட வாடகை.
கட்டத் தவறினால் எலும்பைச் சாக்கில் கட்டிக்
கையில் தந்துவிடுவார்கள்.
சம்பளத்தில் முதற்காசு அதற்குத்தான் என்றாள்.
நான் பேசாமல் வெங்காயம் உரித்தேன்.
எனக்குப் பொறாமையாய் இருந்தது, மாரிவிக்.
வாடகை கேட்கவாவது
ஒரு முகவரி இருந்தது உன்னிடம்.
அதை அரபியில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அலம்பில் சேமக்காலையில் இன்று காலை
சுவாமியார் குடை பிடித்தபடி
குழி குழியாய்த் தீர்த்தம் தெளித்து வந்தார்.
மழை ஏற்கெனவே தெளித்து முடித்திருந்தது.
குழி உள்ளவர்கள் குழியடியில் நின்றார்கள்.
இல்லாத நாங்கள்
நடுவில், பெரிய சிலுவையடியில்.
அங்கேதான் மெழுகு கூட.

எமிலியானுஸைத் தறப்பாளில் சுற்றி
நான் வைத்த இடத்துக்கு அடையாளம் மூன்று:
தலை முறிந்த பனை,
நீலத் தண்ணீர்த் தாங்கி,
கிணற்றிலிருந்து பதினாறு எட்டு.
பனை இல்லை. தாங்கி இல்லை.
கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள்.
பதினாறு மட்டும் இருக்கிறது என்னிடம்.

பின்னேரம் பாயோடு போனேன்.
பொரித்த மீன், சோறு, பிளாஸ்கில் தேத்தண்ணி,
ஒரு சீட்டுக்கட்டு.
"ஆறு மணிக்குப் படலை பூட்டுவன்"
என்றார் காவல் சவிரியான்.
"பூட்டுங்கோ. நான் உள்ளுக்கை இருப்பன்."
விசரி என்று நினைத்திருப்பார்.
பக்கத்து வளவு லுமினா வந்தாள்,
மகனை இன்னும் தேடுகிறவள்.
"மெய்யாத்தான் விளையாடப் போறியோ?
சாமி அறிஞ்சால்?"
கேட்டுக்கொண்டே பாயில் குந்தினாள்.

முந்நூற்றிநாலுக்கு நாலு பேர் வேண்டும்.
திறப்புக் கோர்வையை இடுப்பில் செருகிக்கொண்டு
மூன்றாவதாய்ச் சவிரியான் வந்தார்.
நாலாவது கையை
எனக்கு எதிரே, சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் போட்டேன்.
பங்கருக்குள் அவன் எப்போதும் என் சோடி.
ஷெல் கூவக் கூவ,
வெறுங்கையை வைத்துக்கொண்டு
இருநூறு கேட்பான், கள்ளன்.

சவிரியான் துரும்பைக் கவிழ்த்து வைத்தார்.
நனைந்த மணலில் ஒற்றைத் தாள், முகம் கீழே.
என்னவென்று வைத்தவருக்குத்தான் தெரியும்.
லுமினா தன் சீட்டைப் பார்க்கவில்லை,
அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"சொல்லுங்கோவன்."
"சொன்னா ஆட்டம் இல்லைப் பிள்ளை."
"ஆட்டம் வேண்டாம். சொல்லுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார்.
பிறகு ஒரு விரலால் அதைப் பிரட்டினார்.
இஸ்பேட் ஒன்பது.
அவ்வளவுதான்.
அதை எடுத்து, மணலைத் தட்டி,
மார்போடு வைத்துக்கொண்டாள் லுமினா.

மழை திரும்பவும் தொடங்கியது.
எதிர்க் கையை நான் பிரட்டிப் பார்க்கவில்லை.
மீனை நாயொன்று தூக்கிப் போனது,
விரட்டவில்லை.
சவிரியானின் பேரன் சிலுவையடியில் சுரண்டிச் சுரண்டி
தேசிக்காயளவில் ஓர் உருண்டை பிடித்திருந்தான்.
யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, மாரிவிக்.

எட்டு மணி தாண்டியும்
திறப்பு அவர் இடுப்பில்தான் இருந்தது.