பன்னிரண்டாவது நாற்காலி

பன்னிரண்டு நாற்காலி போட்டிருந்தார் உபதேசியார்.
வாடகை பிளாஸ்டிக்,
முதுகில் பந்தல்காரன் பெயரும் போன் நம்பரும்.
எனக்குப் பதினோராவது.
பன்னிரண்டாவதுக்கு வரவேண்டிய
ஐஸ் கம்பெனி மத்தியாஸ்
சர்க்கரை ஏறிப் படுத்துவிட்டாராம்.

கூட்டத்தில் கைக்கு எட்டிய ஆளை
இழுத்து வந்து உட்காரவைத்தார்.
திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது
அந்தத் தேங்காயெண்ணெய், அந்த இருமல்.
பெலவேந்திரன்.

பதினான்கு மாதம் கழித்து
ஒரு முழம் தூரத்தில்.

சாத்தாங்காடு யார்டில்
ஃபோர்க்லிஃப்ட் சரிவதற்கு முன்னால்
பிரேக் பிடிக்கவில்லை என்று
மூன்று தடவை ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தேன்.
எனக்கு இங்கிலீஷ் வராது.
மூன்று தடவையும் எழுதித் தந்தவன் அவன்.

விசாரணையில் அவனைக் கேட்டார்கள்.
குடித்திருந்தான் என்றான்.
ஒரே சொல்.
அதற்குக் கீழே கையெழுத்து:
செலினின் ஞானஸ்நானப் பதிவேட்டில்
ஞானத்தகப்பன் என்ற கட்டத்தில்
வளைத்துப் போட்டானே, அதே ‘பெ’.
அடுத்த மாதம் அவனுக்கு சூப்பர்வைசர் சட்டை.
எனக்குக் காசிமேட்டில் மீன்பெட்டி,
பெட்டிக்கு இவ்வளவு என்று.

வேறு எவனாவது சொல்லியிருந்தால்
செவுளில் ஒன்று விட்டுவிட்டுத்
தூங்கப் போயிருப்பேன்.
இவன் என் வீட்டுச் சோற்றுப்பானையின்
அடி எங்கே கருகும் என்று தெரிந்தவன்.

அன்றிலிருந்து
பரலோக மந்திரத்தில்
பொறுப்பது பற்றிய வரி வரும்போது
வாயை மூடிக்கொள்கிறேன்.
அந்த இடத்தில் மட்டும்
எமல்டாவின் குரல் தனியாகப் போகும்.
ஏன் என்று அவள் கேட்டதில்லை.

ஃபாதருக்கு முட்டிவலி.
நாற்காலிக்கு ஒரு முனகல்.
சோப்பு போட்டுத் தேய்த்தும்
என் காலில் மீன்வாடை போகவில்லை.
தண்ணீர் ஊற்றினார், துடைத்தார்,
குனிந்து முத்தினார், நகர்ந்தார்.

அடுத்த கால்.
சுண்டுவிரல் இல்லாத இடது கால்.
டிரெய்லரிலிருந்து விழுந்த சங்கிலி தின்ற விரல்;
ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசல்வரை
அவனைத் தோளில் போட்டு ஓடியது நான்.
என்னைத் துடைத்த ஈரத் துண்டிலேயே
அவனையும் துடைத்தார் ஃபாதர்.

ஆண்டவரே,
எந்தக் கால் எழுந்து எங்கே போகும் என்று
உமக்கு முன்னாடியே தெரியும்.
தெரிந்தும்
விரலிடுக்குவரை கழுவினீரா,
இல்லை பேருக்கு ஊற்றிவிட்டு
அடுத்தவரிடம் போனீரா?
யாரும் இதை எழுதிவைக்கவில்லை.
எனக்கு அதுதான் தெரியவேண்டும்.

பூசை முடிந்தது.
பெரிய வியாழன், மணி கிடையாது;
மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு போனான் ஒரு பொடியன்.
வெளியே ஹார்பருக்குப் போகும் லாரிகள்
அசையாமல் நின்றன, கண்ணுக்கெட்டிய தூரம்.
மாதா கெபி ஓரம் பெலவேந்திரன்
ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தான்.
ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய வண்டி.
என் பாதியை நான் கேட்கவில்லை,
அவன் தரவுமில்லை.

உதைத்தான். உதைத்தான்.
சட்டை முதுகோடு ஒட்டிப்போயிற்று.
இன்னும் கொஞ்சம் உதைக்கட்டும் என்று
நின்று பார்த்தேன்.
அதில் ஒரு ருசி இருந்தது, மறைக்கமாட்டேன்.
அப்புறம் என்னமோ,
“சோக்கை இழு” என்றேன்.

இழுத்தான். பற்றிக்கொண்டது.
ஏதோ சொன்னான்,
சைலன்சர் சத்தத்தில் கேட்கவில்லை.
இன்னொரு தடவை சொல்லு என்று
நானும் கேட்கவில்லை.

மன்னிப்பு என்று யாரும்
இதற்குப் பெயர் வைக்கவேண்டாம்.
ஈரக் காலில் செருப்பு வழுக்க வழுக்க
வீடுவரை நடந்தேன்.

ராத்திரி ஜெபத்தில்
செலின் என் மடியில் தூங்கிவிட்டாள்.
அந்த வரி வந்தது.
பாதிவரை சொல்லிவிட்டேன்.
எமல்டா சட்டென்று நிறுத்தி
என்னைப் பார்த்தாள்.
மீதிப் பாதிக்கு வாய் திறந்தபோது
இருமல் வந்தது,
அவன் இருமல் மாதிரியே.