பிடித்த கை

"எந்தக் கையால நறுக்குவீங்க?" என்றாள்
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா.
வலக்கை.
"அப்போ எந்தக் கையால பிடிப்பீங்க?"
ரெண்டு வருசத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி.

இடக்கையில் பெருவிரல், ஆட்காட்டி, நடுவிரல்.
நுனி மட்டும் பொருக்குத் தட்டி,
பொருக்குக்குள் வெடித்து,
வெடிப்புக்குள் சிவப்பாய் ஒரு கோடு.
சோற்றில் உப்பு கூடினால்
நாக்குக்கு முன்னால் அதற்குத்தான் தெரியும்.

கத்தி பிடித்த கை
அண்டா தேய்த்துத் தேய்த்து வழவழத்ததோடு சரி.
பூண்டைப் பிடித்த கைக்குத்தான் இந்தப் பாடு.

வண்ணார்பேட்டை மண்டபத்தில்
மறுவீட்டுச் சொதிக்கு எட்டுக் கிலோ உரிப்போம்
நானும் ஞானசெல்வியும்.
அவள் விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.
அதில் எனக்குக் கோபம்கூட உண்டு.

கரப்பான் என்றார்கள்.
கத்திரிக்காயை விடு, கருவாட்டை விடு,
குறுக்குத்துறையில் நாற்பத்தோரு நாள் முங்கு.
விட்டேன், முங்கினேன்.
பூண்டை விடச் சொல்லி ஒருத்தரும் சொல்லவில்லை.

தச்சநல்லூர் பஸ்ஸில் கண்டக்டர்
மீதிச் சில்லறையை சீட்டில் வைத்துவிட்டு நகர்ந்தான்.
ஒட்டாதுய்யா இது, ஒட்டாது
என்று சொல்ல வாயெடுப்பதற்குள்
ஸ்ரீபுரம் வந்துவிட்டது.

முதுகில் வரிசையாய்ச் சின்னச் சின்னப் பொட்டு ஒட்டினார்கள்.
ரெண்டு நாள் தண்ணி படக்கூடாது.
மாசி வெக்கையில் பிசுபிசுத்து
குப்புறக் கிடந்தேன்.
பிரித்தபோது ஒரே ஒரு பொட்டுக்கடியில்
மிளகு மிளகாய்க் கொப்புளம்.
டாக்டரம்மா செல்போனில் படமெடுத்துக் காட்டினாள்.
என் முதுகை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

களிம்பு ராத்திரிக்கு. கனமாகப் பூசாதே.
வாஸ்லின் எத்தனை தடவையும்,
கை கழுவிய ஈரம் காயுமுன்னே.
ரப்பர் உறைக்குள்ளே பருத்தி உறை.
வெந்நீர் ஆகாது.
ஆறினாலும் தோல் உள்ளே ஆற மாசக்கணக்காகும்,
நடுவில் நிறுத்தாதே.
"வேற வேலை பாக்க முடியுமா?"
அதற்கு மட்டும் சீட்டில் எழுத ஒன்றுமில்லை.

வெள்ளை உறை மாட்டிப் படுத்தால்
"டிராபிக் போலீசு படுத்திருக்கு" என்பார் இவர்.
நடுச்சாமத்தில் விழித்தால்
உறை ஒரு மூலையில் கிடக்கும்,
நகத்தடியில் ரத்தம்.
நானா கழற்றினேன்?

ஆறாம் வாரம் தேங்காய் துருவ மாறினேன்.
கூலியில் எண்பது ரூபாய் குறைச்சல்.

ரேசன் கடை மெசினுக்கு இதெல்லாம் தெரியாது.
"ஆவுடைத்தங்கம், ரேகை விழல.
வேற விரல் வைங்க."
வழவழத்த வலக்கை ஐந்தும் வைத்தாயிற்று.
பின்னால் வரிசை முணுமுணுக்குது.
இடக்கையை முந்தானையிலிருந்து எடுத்தேன்,
எடுக்க எடுக்கவே
"புண்ணு இல்ல தம்பி, ஒட்டாது" என்று.

அவன் காதில் வாங்கவில்லை.
பெருவிரலைப் பிடித்துக் கண்ணாடியில் வைத்து
மேலே தன் விரலை வைத்து அமுக்கினான்.
"அசையாதீங்கக்கா."
களிம்பின் வழுக்கலுக்கு மேல்
அரிசித் தூசி படிந்த விரல்,
சூடாக, கொஞ்சம் அவசரமாக.

மெசின் யோசித்தது.
நான் மெசினைப் பார்க்கவில்லை.

"பையை விரிங்க" என்றான்.