பத்தொன்பதாம் கம்பம்

மூன்றரை மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டி
ரப்பர் விளைக்கு இறங்குகிறவள் நான்.
நானூறு மரம்.
சிற்றோட்டுவிளையில் எந்தக் கம்பம் எரியும்,
எது எரியாது என்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
பன்னிரண்டின் கீழே நாய் கிடக்கும்.
பத்தொன்பது என் வீட்டு முடுக்கில்,
கிறிஸ்துமஸ் ராத்திரிக்குக்கூட கண் திறக்காதது.

அதனால்
தணிக்கைக்காரர் நீட்டிய ரசீதில்
'எல்.இ.டி. விளக்கு, எண்பத்தாறு' என்று பார்த்ததும்
சிரிப்புதான் முதலில் வந்தது.
பிறகு இரண்டு விடியல் நடந்து எண்ணினேன்.
முப்பத்தொன்று.
பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு
இன்னொரு முறை எண்ணினேன்.
முப்பத்தொன்றுதான்.

கலெக்டர் நோட்டீஸ் அனுப்பினார்.
வந்த பதில் சரியில்லை என்றார்.
தாசில்தார் வந்து கூட்டம் போட்டார்,
ஊராட்சி அலுவலகத்து மேல்மாடியில்,
மின்விசிறி சுற்றாத ஒரு வியாழக்கிழமை.
இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ
தாசில்தார் பேசக்கூடாதாம், சட்டம்.
குற்றச்சாட்டை வாசித்தார், மூக்கைத் துடைத்தார்,
பேனாவைத் திறந்து வைத்தார்.

பிரசிடெண்ட் ஏசுவடியான் எழுந்தார்.
விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"ஸ்ரீகண்டா, உன் மகளுக்கு நர்சிங் சீட்டு?
கமலபாய், பட்டா மாறினது எப்படி?
செய்யதலி, அந்த வழக்கு என்னாச்சு, ஓர்மை உண்டா?"
ஒவ்வொரு தலையாகக் குனிந்தது.
என்னிடம் வந்தபோது அவர் எதுவும் கேட்கவில்லை.
என்னைப் பார்த்தார், அவ்வளவே.

என் மாப்பிள்ளை பலாமரத்திலிருந்து விழுந்த ராத்திரி
ஆம்புலன்ஸ் கரிங்கல்லில் நின்றுபோனது.
தன் காரில் தூக்கிப் போட்டார்.
குழித்துறை ஆஸ்பத்திரி வரை
ஒரு கையால் ஓட்டி, மறு கையால்
தங்கையனின் தலையைப் பிடித்துக்கொண்டார்.
சீட்டெல்லாம் ரத்தம்.
கழுவின காசை இன்றுவரை கேட்டதில்லை.

தாசில்தார் கேட்டார்:
"இதெல்லாம் பதிவில் வராது.
விளக்கு வாங்கப்பட்டதா, இல்லையா?
ஏழாம் வார்டு, லீலாபாய்."

என் நாக்கு ஒட்டுப்பால்போல் உறைந்திருந்தது.
அவர் பிடித்த தலை உயிரோடு வீட்டில் இருக்கிறது.
அதற்கு நான் பட்ட கடன்
என் கடன்.
ஐம்பத்தைந்து விளக்கின் காசு என்னுடையதில்லை,
நான் அதில் கழித்துக்கொடுக்க.
அப்படித்தான் நினைத்தேன் என்று இப்போது சொல்கிறேன்.
அன்றைக்கு நினைத்தது வேறு:
பத்தொன்பதாம் கம்பத்தடியில்
என் மகள் டியூஷன் விட்டு வரும்போது
கைப்பேசி வெளிச்சத்தை முன்னால் பிடித்து
ஓடி வருவாள். ஒவ்வொரு நாளும் ஓடியே வருவாள்.

"இல்லை" என்றேன்.
"சத்தமாக."
"வாங்கவில்லை. எண்ணியிருக்கிறேன்."
பேனா ஓடியது.
ஒன்பது பேரில் ஆறு பேர் அன்றைக்கு வாய் திறந்தோம்.
ஸ்ரீகண்டன் கையெழுத்துப் போட்டுவிட்டு
ஜன்னலோரம் போய் நின்று அழுதார்.

அடுத்த மாதம் நாகர்கோவில்.
விசாரணைக்கு இன்னொரு வாக்குமூலம்,
ஒரே பதில், மூன்று பிரதி.
கடைசி பஸ்ஸில் ஜங்ஷனில் இறங்கும்போது மணி ஒன்பதரை.
மழை.
கோப்பு இன்னும் கலெக்டர் மேசையில்;
அதுவரைக்கும் அவர்தான் பிரசிடெண்ட்.

கார் ஒன்று வந்து நின்றது.
கண்ணாடி இறங்கியது.
"ஏறும்மா. இருட்டு."

ஏறினேன்.
பின்சீட்டில், தங்கையன் கிடந்த இடத்தில்,
துணியுறை புதிதாக இருந்தது.
விரலால் அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்க்க ஆசை வந்தது.
பார்க்கவில்லை.

ஹெட்லைட்டில் கம்பங்கள் வந்து வந்து போயின.
பதினாறு. பதினேழு.
அவர் உதடுகளும் அசைவதைக்
கண்ணாடியில் கண்டேன்.
பத்தொன்பதில் காரை நிறுத்தி
நான் கதவைத் திறந்து முடுக்கில் இறங்கும்வரை
லைட்டை அணைக்காமல் வைத்திருந்தார்.