முக்கால் மணி நேரம்

ஒரு வாய் இட்லிக்கு நாலு சாவு.
அதுதான் எங்கள் வீட்டுக் கணக்கு.
சொம்பில் சாய்த்துவைத்த செல்போனில்
யாரோ ஒருத்தன் தலை சிதறும்போது
லித்திஷ்பாண்டி வாய் திறப்பான்.
அந்த நேரம் பார்த்து ஊட்டிவிடுவேன்.
எட்டே கால் பஸ்ஸை விட்டால்
சிம்மக்கல் மருந்துக்கடையில்
அரைநாள் சம்பளம் போய்விடும்.

'ஒரு எடத்துல மூணு நிமிஷம் இருக்க மாட்டேங்கிறான்'
என்றார் எமல்டா டீச்சர்.
'அ' போட ஆரம்பித்து
சுழி முடியும் முன்பே எழுந்துவிடுகிறானாம்.
பக்கத்துப் பிள்ளை யாழிசையை
அளவுகோலால் சுட்டானாம்.
விழவில்லை என்று கோபமாம்.
'வீட்ல போன் பாப்பானா?'
எப்பவாச்சும், என்றேன்.
கைப்பைக்குள் அது இன்னும் சூடாக இருந்தது.

வைகாசியில் பாண்டி கோயிலில் காதுகுத்து.
மாமன் மடியில் திமிறி
ஆசாரி கையைக் கடித்துவிட்டு ஓடினான்,
பொங்கல் அடுப்பு, வளையல் கடை, செருப்புக் குவியல்
எதிலும் நிற்காமல்.
அப்புறம் ஆளைக் காணோம்.

தேடிப் போனால்
சமயக்கருப்புக்கு அங்கிட்டு, மரத்தடியில்,
வெட்டுப்பட்ட எங்கள் கிடாவுக்குப் பக்கத்தில்
குத்தவைத்திருந்தான்.
தண்ணி தெளித்ததும் அது துலுக்கியதையும்
அடுத்து நடந்ததையும் பார்த்தானாம்.
'கண்ண மூடலக்கா, ஆம்பளப்புள்ள'
தம்பிக்கு அப்படி ஒரு பெருமை.

எனக்கும், சொல்லக் கூசுகிறது,
நிம்மதியாகத்தான் இருந்தது.
உரிக்கிற ஆளுக்கு முன்னால் இன்னும் நாலு கிடா.
முக்கால் மணி நேரம்
கை ஆடவில்லை, கால் ஆடவில்லை,
மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூட விரட்டவில்லை.
எமல்டா டீச்சரிடம் காட்ட
ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

உரிக்கிறவர் வந்து
பின்னங்காலைப் பிடித்து இழுத்தபோதுதான்
வாய் திறந்தான்.
'மாமா, இருங்க.
அது இன்னும் எந்திரிக்கல.'

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.
அந்த ஆள் மட்டும் காலை விட்டுவிட்டு
கத்தியை வேட்டியில் துடைத்தார்.
என் பக்கம் திரும்பினான்.
'எப்பம்மா எந்திரிக்கும்?'

வேனில் ஏறியதும் ஆரம்பித்த அழுகை.
குழம்பு வாளியை இரண்டு காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு
அவனைப் பிடித்திருந்தேன்.
எந்திரிக்காதுடா, என்று
ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.
இரைச்சலில் கேட்டதோ இல்லையோ.
போன் மடியிலேயே இருந்தது.
எடுத்துக் கொடுத்தால் நிறுத்திவிடுவான்.

அய்யர் பங்களா வரைக்கும்
நான் கொடுக்கவில்லை.