‘ஆஃப்’-க்குப் பின்னால்

அப்போது அது வட ஆற்காடு.
கம்பெனியின் கடிதத் தாளில் அப்படித்தான் அச்சடித்திருக்கும்,
இடது மூலையில் லேஸ் கட்டாத ஒரு ஷூவோடு.

மேனேஜர் தணிகாசலம் நடந்துகொண்டே சொல்வார்,
நான் அடிப்பேன்.
அன்று பதினோரு பெண்களுக்கு மெமோ.
குற்றம்: இருபது நிமிடம் மெஷினை நிறுத்திவிட்டுத்
தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நின்றது.
முடிவில் அவருடைய செல்ல வரி:
யூ வில் ஹாவ் டு ஃபேஸ் வித் தி கான்சீக்வென்சஸ்.

சார், அங்கே ‘வித்’ வராது என்றேன்.
‘பீ ஃபேஸ்டு’ என்று எடுத்தால்தான் அதற்கு இடம்.
வெறும் ‘ஃபேஸ்’ என்றால்
முகத்துக்கும் விளைவுக்கும் நடுவில்
ஒரு சொல் நுழையக்கூட சந்து கிடையாது.

நான் பி.ஏ., என்றார்.
நான் குடியாத்தத்தில் ஹையர் பாஸ்,
நிமிடத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை.
வாயை மூடிக்கொண்டு பதினொன்றையும் அடித்தேன்.
அவர் சாப்பிடப் போனதும்
ஒவ்வொரு தாளிலும் ‘வித்’தை ரப்பரால் தேய்த்தேன்.
மட்டமான தாள்.
ஒன்றில் மட்டும் ஓட்டை விழுந்தது.

அது எப்சிபாவுக்குப் போயிற்று.
மறுநாள் ஷிப்ட் விட்டதும் ஜன்னலருகே வந்தாள்,
விரல்களில் பசை காய்ந்து தோலோடு தோலாகியிருந்தது.
‘இங்க இன்னா இருந்துச்சி?’
தப்பான வார்த்தை, எடுத்துட்டேன்.
‘மீதியெல்லாம் ரைட்டா?’
இலக்கணப்படி ரைட்டு.

விளைவுகளைச் சந்திக்க வேண்டிவரும்
என்று தமிழில் சொன்னேன்.
‘இன்னா விளைவு? பேர் போடலியே.’
போடமாட்டாங்க. போட்டா அளவு தெரிஞ்சிடும்,
பயம் கொறைஞ்சிடும்.
அதுக்குத்தான் பன்மையில விடறது.

ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள்.
விளையாட்டாகத்தான் இருக்கவேண்டும்.
பிறகு தாளை இறக்கிவிட்டுக் கேட்டாள்:
‘அந்தத் தொட்டித் தண்ணியக் குடிச்சிட்டு
மூணு பேரு மிஷன் ஆஸ்பத்திரில கெடக்குதுங்களே,
அதுக்கும் இதே வார்த்தைதானா?’

மின்விசிறி ஓடாத அறை. மே மாதம்.
பாலாற்றிலிருந்து மணல்தான் வீசும்.
நான் கவரைக் கழற்றி
மெஷினில் புதுத்தாள் சொருகினேன்.

அதே வார்த்தைதான், ஆனால் ஒருமை.
முன்னால் ஒரு சின்ன ‘எ’, பின்னால் ஒரு ‘ஆஃப்’.
ஆஸ் எ கான்சீக்வென்ஸ் ஆஃப் –
இங்கே நிறுத்திப் பாரு.
நிறுத்த முடியாது.
‘ஆஃப்’ வாயைத் திறந்துகொண்டு நிற்கும்,
காரணத்தைப் போடும்வரை மூடாது.

‘அப்ப போடு’ என்றாள்.

போட்டேன்.
எட்டு மாதமாகக் கழுவாத தொட்டி என்று,
மூடி இல்லை என்று,
மார்ச்சில் ஒருதரம் ஏப்ரலில் ஒருதரம்
சொல்லியாயிற்று என்று.
பதினோரு கையெழுத்து, அதில் நான்கு கைநாட்டு.
ஒரு நகல் லேபர் ஆபீசருக்கு, வேலூர்.

ஒன்றை மறந்துவிட்டேன்.
என் மெஷினில் ஆங்கில ‘ஈ’ எழுத்துக்கு
வயிறு மையால் அடைத்திருக்கும்,
குண்டூசியால் குத்தினாலும் இரண்டு நாள்தான்.
அந்தப் பாழாய்ப்போன சொல்லில் மட்டும்
மூன்று ‘ஈ’.

தணிகாசலம் படித்தார்.
தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.
என்னைக் கேட்கவில்லை.

தொட்டிக்குத் தகரமூடி வந்தது சனிக்கிழமை.
எனக்கு மெமோ வந்தது திங்கட்கிழமை,
அடித்துத்தர ஆளில்லாததால் அவர் கையெழுத்திலேயே,
நீல மையில், அழகாக,
ஃபேஸ் வித் தி கான்சீக்வென்சஸ்.

திருத்தப் பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன்.
தேதியிட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தால்
கேட்டருகே எப்சிபா, இன்னும் ஆறேழு பேர்,
பேரணாம்பட்டு பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கிறார்கள்.
‘இன்னா போட்டிருக்கான்?’ என்றாள்.
படித்துக் காட்டினேன்,
ஒரு வார்த்தையையும் விடாமல்.