நான்காம் நாள், தாஞ்சியர்

பினாங்கு ஸ்திரீட்டில் பணமாற்றுக் கடைக்கு மேல்மாடி.
ஏசி ஒழுகும் இடத்தில் ஒரு மைலோ டின்.
அதன் சொட்டுச் சத்தத்தில் உட்கார்ந்து
ஒன்பது வருடமாக வட ஆப்பிரிக்காவை விற்கிறேன்.
பதின்மூன்று நாள், பதினோராயிரத்து எண்ணூறு ரிங்கிட்.
டிப்ஸ் தனி.

என் பாஸ்போர்ட்டில் இருப்பவை
தாய்லாந்து முத்திரைகள் நான்கு,
மேடான் ஒன்று.

மொரோக்கோவும் அல்ஜீரியாவும்
வரைபடத்தில் ஒட்டுச்சுவர் வீடுகள்.
நடுக்கதவைத்தான் அடைத்துவிட்டார்கள்,
சுற்றித்தான் பறக்க வேண்டும் என்றால்
"ஏம்மா, பஸ் கிடையாதா?" என்று கேட்காத ஆள் இல்லை.
ஃபெஸ் தோல் தொட்டிகளில் நாற்றம் குடலைப் புரட்டும்,
மூக்குக்குப் புதினா தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன்.
கார்த்தேஜில் நிற்கிற தூண் குறைவு,
விழுந்ததைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்பேன்.
போன வருடம் ஒருவர் திரும்பி வந்து மேசையைத் தட்டினார்:
"கடல் நீலம்னு எழுதியிருந்தே. மூணு நாளும் மழை.
கர்னி டிரைவ் மாதிரியே கிடந்துச்சு."
பணம் கேட்கவில்லை. சொல்லிவிட்டுப் போனார்.

இந்த அக்டோபரில் ஓர் இரவு, மணி ஒன்று.
ஜெலுத்தோங் ஃபிளாட்டில் ஜன்னலை அடித்துக்கொண்டு மழை.
போனில் தனபாக்கியம், ஓய்வுபெற்ற பல் தாதி:
"கைடு வரலம்மா. பெரிய சந்தைத் திடல்ல நிக்கிறோம்.
பதினொரு பேர். கமருன்னிசாவுக்கு முட்டி வலி.
வெயில் இறங்குது. ஹோட்டலுக்குத் திரும்பிடவா?"

திரும்பச் சொல்வதுதான் விதி.
நான் சொன்னது:
"நீரூற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்க.
வளைவு வாசல் தெரியுதா?"
"தெரியுது."
"நுழைங்க. நகைக்கடைத் தெரு. இறக்கமா போகும்.
யாராவது 'பாலாக்'னு கத்தினா சுவரோரம் ஒதுங்கிடுங்க,
பின்னால கைவண்டி வருதுன்னு அர்த்தம்."
சொல்லி வாய் மூடவில்லை,
போனுக்குள் ஒரு கத்தல்,
பதினொரு பேர் சுவரில் ஒட்டிச் சிரிக்கிற சிரிப்பு.

"இடது கைப்பக்கம் ஒரு பார்மசி."
சத்தமில்லை.
"போன் கடைதாம்மா இருக்கு."

எனக்கு வியர்த்தது.
யாரோ எடுத்த படம், யாரோ எழுதிய குறிப்பு,
நான் மனப்பாடம் செய்திருக்கும் தாஞ்சியர்
எந்த வருடத்துத் தாஞ்சியர்?
"அதேதான். அதை ஒட்டிப் படி இருக்கும், ஏறுங்க,"
என்றேன், நேற்றுத்தான் ஏறி இறங்கியவள் போல.

படி.
மூச்சு.
படி.
கமருன்னிசாவின் யா அல்லாஹ்.
பூனைகளைத் தனபாக்கியம் எண்ணிக்கொண்டே வந்தார், ஏழு வரை.
ஒரு சந்து யார் வீட்டுக் கதவிலோ போய் முடிந்தது.
கதவு திறக்கிற ஓசை, ஒரு பெண்குரல்.
"மேலே கையைக் காட்டுறா. என்ன மொழியோ.
கமருன்னிசாவுக்கு நாற்காலி போடுறா."
நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.
அந்தத் தெருவில் அதற்குப் பிறகு
சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

கொஞ்ச நேரத்தில் காற்று.
போன் முழுக்கக் காற்று.
"வந்துட்டோம்மா. மதில்ல ஒரு வாசல், வாசல் நிறையக் கடல்."
"எதிர்க்கரை தெரியுதா?"
"தெரியுது. ஸ்பெயினா அது?
பட்டர்வொர்த் கணக்கா இருக்கு, பெர்ரி விட்டுடலாம் போல."
"கடல் என்ன நிறம்?"

தனபாக்கியம் உடனே பதில் சொல்லவில்லை.
நாற்பது வருடம் பிறர் வாய்க்குள் பார்த்தவர்,
இல்லாத சொத்தையை இருக்கிறது என்று சொல்ல மாட்டார்.
"சொல்ல வரலம்மா. நீயே பாரு."
படம் வந்தது.
முக்கால்வாசி அவருடைய கட்டைவிரல்.
விரலின் ஓரத்தில் ஒரு கீற்று.
விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன்,
பெரிதாக்கிப் பார்த்தேன்,
வெளியே மழை விடுகிற வரைக்கும்.

காலையில் மைலோ டின்னைக் கொட்டிவிட்டுக் கோப்பைத் திறந்தேன்.
நான்காம் நாள், தாஞ்சியர்.
பார்மசியை அழித்துப் போன் கடை என்று தட்டினேன்.
அடுத்த வரியில் 'நீலக் கடல்'.
நீலத்தை அழித்தேன்.
முதலாளி நஜ்முதீன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து,
"வெறும் கடல்னு விட்டா யாரு வாங்குவா?
ஏதாச்சும் ஒரு நிறம் போடு," என்றார்.

இன்னும் போடவில்லை.