தோன்றா எழுவாய்

என் வேலை கேட்பது.
பேசுகிறவர் உதடு மூடுமுன்
சொல் என் விரலில் இறங்கிவிட வேண்டும்.
பதினெட்டு வருடம். விவாகரத்து, வேலித் தகராறு,
ஒருமுறை மூஸ் மான் மோதிய லாரி.
இன்று, நூலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்,
ஒன்பது வயதுப் பையன் ஒருவனின் வகுப்பறை.

பையன் வரவில்லை.
லூக் திபொடோ என்ற பெயர் மட்டும் மேசை நடுவில்
நானூற்றுப் பன்னிரண்டு பக்கமாகக் கிடந்தது.

மெய்ன் மாநிலத்தின் வடகோடி இது.
இலையுதிர் காலத்தில் உருளைக்கிழங்கு எடுக்கப்
பள்ளிக்கூடமே மூன்று வாரம் சாத்திக்கிடக்கும்.
அந்த மூன்று வாரத்தில்தான் கடிதம் போயிருக்கிறது.
பத்து நாளுக்குள் ஆட்சேபிக்கலாம் என்ற கடிதம்.
பன்னிரண்டாம் நாள், நகக்கண்ணில் மண்ணோடு,
நோயெல்லா அதைப் பிரித்திருக்கிறாள்.

அவளுக்கு வழக்கறிஞர் இல்லை.
ஒரு கேள்வி இருந்தது:
யார் முடிவு செய்தது?

சிறப்புக் கல்வி இயக்குநர் கண்ணாடியைத் துடைத்தார்.
"பொருத்தமான இடம் பரிசீலிக்கப்பட்டது.
மாற்றம் பரிந்துரைக்கப்பட்டது."
கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார்.
"நடைமுறை பின்பற்றப்பட்டது."

பட்டது பட்டது பட்டது
என்று மரங்கொத்தியாய்க் கொத்தின என் விசைகள்.
பட்டவன் யாரென்று தெரியும்.
விடியுமுன் ஐந்து நாற்பதுக்கு வேன் ஏறுகிறவன்.
நாற்பத்தேழு மைல் பனிச்சாலையில்
சீட் பெல்ட் கொக்கியைத் தட்டித் தட்டி எண்ணுகிறவன்.
சத்தம் தாங்காத காதுகளோடு
கொதிகலனுக்கு அடுத்த அறையில் உட்காருகிறவன்.
வாக்கியத்தில்
எழுவாய் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி.

"எனக்குக் கிழங்குக் கிடங்கில் வேலை" என்றாள் நோயெல்லா.
"பட்டையில் உருண்டு வரும். பெரிசு, சிறிசு, அடிபட்டது.
நிமிடத்துக்கு அறுபது.
ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் ஒதுக்கியதில்லை.
ஐயா, நீங்கள் அவனைப் பார்த்தது எந்த நாள்?"

ஆட்சேபம் எழுப்பப்பட்டது.
பார்த்தீர்களா, எனக்கும் தொற்றிவிட்டது.
எழுப்பியவர் பள்ளி மாவட்டத்தின் வழக்கறிஞர்,
ஹாலம் ப்ரூயர், நீல டை.

பிறகு முப்பத்தோராம் பக்கம்.
மதிப்பீட்டில் இப்படி இருந்தது:
லூக் அமைதியாக உட்காருகிறாள்.
லூக் கத்தரிக்கோலை நன்றாகப் பிடிக்கிறாள்.
யாரோ ஒரு சிறுமி. வேறு ஊர், வேறு வருடம்.
பெயரை அழித்து எழுதியவர்
வினைமுற்றை மறந்துவிட்டார்.
"தட்டச்சுப் பிழை" என்றார் இயக்குநர்.
யாரோ சிரித்தார்கள்.
அந்தச் சிறுமியை எங்கே அனுப்பினீர்கள் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
கேட்பது என் வேலைதான்.
இந்தக் கேட்பது இல்லை.

மூன்று மணிக்கு மேல், சுவரோரக் கடைசி நாற்காலியில்
காகிதக் குவளையின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டிருந்த
துணைத் தலைமையாசிரியர் வெண்டல் ஓக்ஸ்
எழுந்தார்.
அவரை யாரும் அழைக்கவில்லை.
"நான்" என்றார்.
ப்ரூயர் எட்டி அவர் சட்டைக்கையைப் பிடித்தார்.
"நான் கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம்.
பதினாறு கோப்பு. எதையும் திறக்கவில்லை.
வேனில் ஒரு இடம் காலியாக இருந்தது."

ஒருவர் எழுந்து நிற்பதைப் பதிய
என் இயந்திரத்தில் விசை கிடையாது.

விசாரணை அதிகாரி பதினைந்து நிமிடம் இடைவேளை விட்டார்.
தீர்ப்புக்கு நாற்பத்தைந்து நாள்.
பையனின் நாற்காலி மாறுமோ என்னவோ,
ஓக்ஸின் நாற்காலி மாறிவிடும் என்று
கழிவறை வாசலில் பேசிக்கொண்டார்கள்.
நோயெல்லா அவரிடம் நன்றி சொல்லவில்லை.
சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

இரவு, படியைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.
"நான்" என்ற சொல்லுக்குப் பிறகு
அறையில் நீளமாய் ஒரு மௌனம் இருந்தது.
அதற்குக் கோடு போடுவதா, இடம் விடுவதா?
வெளியே பனி கொட்டுகிறது.
தீர்ப்பு வரும்வரை
வேன் ஐந்து நாற்பதுக்கு வரும்.